பிடின் காட்டிய நேர்வழி

பிடினுக்கு ‘மாட்டேன்’ என்று சொல்ல வராது. நாக்கில் ஏதோ குறை என்று நினைத்துவிட வேண்டாம். மற்றபடி அவன் வாய் நன்றாகவே நீளும். மலேசியக் காட்டில் வாழும் செமாய் ஜனங்கள் எல்லோருக்குமே அந்த ஒரு சொல் தொண்டையில் சிக்கிய மீன்முள்தான். ஒருவன் வந்து இன்னதன் மேல் ஆசை என்று வாய்விட்டுச் சொல்லி, அது உங்களிடம் இருந்தும் நீங்கள் கொடுக்காமல் அனுப்பினால், அந்த ஆசை தீராமல் அவன் உடம்போடு போகும். போகிற வழியில் அவனுக்காகப் பாம்பு காத்திருக்கும், பட்டமரம் காத்திருக்கும், ஆற்றில் வழுக்குப் பாறை காத்திருக்கும். இதற்குப் புனான் என்று பெயர். அவனுக்கு என்ன ஆனாலும் அந்தப் பழி கொடுக்காதவன் தலையில்தான் விடியும். இல்லாத பொருளுக்குப் பொறுப்பில்லை. இருந்தும் மறுத்தால்தான் வினை.

அதனால் அந்த ஊரில் யாரும் யாரிடமும் எதையும் கேட்கமாட்டார்கள். பக்கத்து வீட்டில் மீன் வேகிற வாசனை வந்தால் வாசலில் நின்று மழையைப் பற்றிப் பேசுவார்கள். வீட்டுக்காரர் புரிந்துகொண்டு தட்டை நீட்டுவார். நேராகக் கேட்பது அங்கே கத்தியை உருவுவதற்குச் சமம். நாகரிகம் என்றால் நான் இதைத்தான் சொல்வேன், கோலாலம்பூர்க்காரர்கள் கோபித்துக்கொண்டாலும் சரி.

கேமரன் மலையில் தேயிலை முடிந்து காடு தொடங்கும் சரிவில் இருக்கிறது பிடினின் ஊர். ஆள் குள்ளம். வருஷம் முழுக்க ஒரே சிவப்புப் பந்தாட்டச் சட்டை. வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். அடையாள அட்டையில் இருக்கும் பிறந்த தேதி எழுதியவருடைய கற்பனை. ஒருமுறை பெத்தாய் என்ற காட்டுக் காயைப் பறிக்கப் போனவனுக்கு, ஒரு முகட்டின் மேல் செத்த எலி நாற்றம் அடித்தது. எலியைத் தேடிப் போனால் பக்மா பூத்துக் கிடந்தது. சுளகு அகலத்துக்குச் சிவப்பாய், வெள்ளைப் புள்ளிகளோடு, இலையும் இல்லாமல் தண்டும் இல்லாமல் தரையில் மல்லாந்து கிடக்கும் பூ. காட்டுக்கொடிக்குள்ளேயே குடியிருந்து, முட்டைக்கோஸ் மாதிரி மொட்டு விட்டு, மாதக்கணக்காக யோசித்து ஒருநாள் விரியும். ஒரு வாரம் தாங்காமல் கறுத்து அழுகிவிடும். இந்தக் கூத்தைப் பார்க்கத்தான் உலகம் விமானம் ஏறி வருகிறது.

வருகிறவர்களுக்கு ஒரே டிக்கெட்டில் மூன்று சங்கதி: நகரம், மலை, காடு. கோலாலம்பூரில் இரட்டைக் கோபுரத்தை அண்ணாந்து பார்த்துக் கழுத்தைப் பிடித்துக்கொண்டு, மலையேறித் தேயிலைக்கு நடுவில் நின்று படம் எடுத்து, ஸ்ட்ராபெரி தின்று வயிற்றைக் கெடுத்துக்கொண்டு, கடைசியாகக் காட்டுக்கு வருவார்கள். அதற்குள் பாதிப் பேருக்குப் பூவைவிடக் கழிப்பறை மேல்தான் ஆசை இருக்கும். அவர்களைப் பிடின் அழைத்துக்கொண்டு போவான். ஒரே ஆற்றை மூன்று இடத்தில் கடக்க வைப்பான். ஒவ்வொரு தடவையும் வேறு பக்கமாக முகட்டில் ஏற்றுவான்.

“இது முன்னாடி பார்த்த அதே ஆறுதானே?” என்று ஒரு வெள்ளைக்காரி சந்தேகப்பட்டாள்.

“இல்லம்மா, இது அதோட தங்கச்சி” என்றான் பிடின்.

சுற்றுவது விளையாட்டுக்கில்லை. ஒரே தடத்தில் நடந்தால் கொடி மிதிபடும், கொடி செத்தால் மொட்டு சாகும். அதோடு, மொட்டை வெட்டி நாட்டு மருந்துக்கு விற்கிற கும்பல் ஒன்று மலையெங்கும் திரிந்தது. நேராகப் போனால் ஜீப் நிற்கும் இடத்திலிருந்து பூ கூப்பிடு தூரம்தான். அந்த நேர்வழி பிடின் ஒருவனுக்குத்தான் தெரியும். பெண்டாட்டி தீஜாவுக்குக்கூடத் தெரியாது. அவள் கேட்டதுமில்லை. அந்த முகடு இருக்கிற வரை அவன் ‘பூக்காரப் பிடின்’. அது போனால் பெத்தாய் பறிக்கிறவர்களில் ஒருவன்.

இப்போது ஜெப்ரிக்கு வருவோம். தீஜாவின் தம்பி. அப்பனும் ஆத்தாளும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தபின் அக்காள் வீட்டுச் சோற்றில் வளர்ந்தவன். மழைக்காலத்தில் ஆறு புரளும்போது பிடின்தான் அவனைத் தோளில் உட்கார வைத்துக் கரையேற்றிப் பள்ளிக்கு அனுப்பினான். வளர்ந்ததும் தானா ராத்தா டவுனுக்குப் போய் ஒரு பயணக் கம்பெனியில் ஜீப் ஓட்டினான். அவன் கொண்டுவந்து இறக்குவான், பிடின் காட்டுக்குள் கூட்டிப்போவான். மச்சானும் மச்சினனும் ஒரு வண்டியின் இரண்டு சக்கரம் என்று ஊர் சொன்னது. பிடினுக்குப் பிள்ளை இல்லை. அந்தக் குறையே தெரியாமல் வைத்திருந்தவன் ஜெப்ரி.

ஒரு சாயங்காலம் மூங்கிலில் வெந்த மீனும் மரவள்ளிக் கிழங்குமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

“எத்தனை பேரைக் கொண்டாந்து இறக்கியிருக்கேன் மச்சான்” என்றான் ஜெப்ரி. “எல்லாரும் பாத்துட்டு வந்து வாயப் பொளந்துகிட்டு நிக்கறான். நான் ஜீப்புல உக்காந்து கொசு அடிக்கறேன்.”

“அதுக்கென்ன மாப்ளே, நாளைக்கே வா. ஆத்தோரமா போவோம்.”

“சுத்த முடியாது மச்சான், முட்டி வலி. நேர்வழியில போயி ஒரே ஒரு தடவ பாக்கணும்னு எனக்கு ஆசையா இருக்கு.”

தீஜாவின் கை கரண்டியோடு நின்றுவிட்டது. “அந்தச் சொல்ல எதுக்குடா சொன்னே? பேசாம இருந்தா அவரே ஒருநாள் கூட்டிட்டுப் போவாரு.”

“வாய் தவறி வந்துருச்சுக்கா.”

தவறியா வந்தது! கல்லெறிகிறவன் குறி பார்ப்பது மாதிரிப் பார்த்துச் சொன்னான். பிடின் வாயில் இருந்த கவளத்தை மென்று முடிக்கும் வரை யோசித்தான். ஆனால் ஆசை என்ற சொல் வெளியே வந்துவிட்டது. இனி மறுத்தால் இந்தப் பிள்ளை மலைப்பாதையில் ஜீப் ஓட்டிக்கொண்டு போகும்போது என்ன ஆகுமோ என்று பயந்தான்.

“வெடிஞ்சதும் போலாம்” என்றான்.

விடிந்ததும் போனார்கள். முட்டி வலிக்காரன் ஆட்டுக்குட்டி மாதிரி முன்னால் ஏறினான். கையில் போனை வைத்துக்கொண்டே வந்தான். கேட்டதற்கு மணி பார்க்கிறேன் என்றான். முகட்டில் நடுவில் பிளந்த பாறையை ஒட்டிப் பூ ஒன்று விரிந்து கிடந்தது. ஜெப்ரி பூவைப் பார்த்த நேரத்தைவிடப் பாறையையும் சரிவையும் பார்த்த நேரம் அதிகம். பிடினுக்கு அது வித்தியாசமாகப் படவில்லை. பிள்ளை ஆசை தீர்ந்தது, வினை கழிந்தது என்று நிம்மதியாகத் திரும்பினான். ஆடு கசாப்புக்காரனைத்தான் நம்பும் என்பார்கள்.

மழை ஓய்ந்த சமயம் ஜெப்ரி மறுபடி வந்தான். கோலாலம்பூரில் பெரிய சுற்றுலாக் கண்காட்சி, கம்பெனிக்கு அங்கே ஒரு கடை, காட்டு ஆளாகப் பிடினைக் கொண்டுவந்து உட்கார வைக்கச் சொல்கிறார்கள் என்றான்.

“மொட்டெல்லாம் பருத்துக் கெடக்கு, இப்பப் போயி ஊர் சுத்தச் சொல்றியே” என்றாள் தீஜா.

“மொட்டு எங்கயும் ஓடிறாதுக்கா. மச்சான் பொறந்ததுலேருந்து மலைய விட்டு எறங்குனதில்ல. நான் ஆசையாக் கூப்பிடறேன்.”

மறுபடியும் அதே சொல். பிடின் சட்டையைத் துவைத்துக் காயப்போட்டான்.

ஜெப்ரி அவனைக் கண்காட்சிக்குச் சில நாள் முன்பாகவே கூட்டிக்கொண்டு போய் ஊரெல்லாம் சுற்றிக்காட்டினான். பிடின் வாய்விட்டுக் கேட்காமலே ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தான். நடுவில் ஒருநாள் மட்டும், வேலை இருக்கிறது என்று அவனை அறையில் விட்டுவிட்டுப் போய் ராத்திரி திரும்பினான். நகரும் படிக்கட்டில் பிடின் கைப்பிடியை விட மறுத்து, மேலே போய்ச் சேர்ந்தபின்னும் அதைப் பிடித்துக்கொண்டு நிற்க, பின்னால் வந்தவர்கள் அவன்மேல் குவிந்தார்கள். இரட்டைக் கோபுரத்தின் கீழே வெகுநேரம் அண்ணாந்து நின்றான்.

“மேல ஏறி என்ன பாக்குறாங்க மாப்ளே?”

“ஊரப் பாப்பாங்க. வானம் தெளிஞ்சா மலைகூடத் தெரியும்லா.”

“மலையப் பாக்கவா இவ்ளோ ஒசரம்? பேசாம மலைக்கே வந்துறலாமே.”

ஜெப்ரி விழுந்து விழுந்து சிரித்தான். பெற்ற மகன் ஊர் காட்டுகிறான் என்ற பூரிப்பு பிடினுக்கு. ராத்திரி அறையில் கட்டிலை விட்டுத் தரையில் படுத்துக்கொண்டு, இந்தப் பையனுக்குத் தான் என்ன செய்துவிட்டோம், இவ்வளவு செய்கிறானே என்று நினைத்தான்.

கண்காட்சியில் சிவப்புச் சட்டையைக் கழற்றச் சொன்னார்கள். ஓலையில் முடைந்த தலைப்பட்டை, மரப்பட்டைத் துணி, முகத்தில் சுண்ணாம்புக் கோடு, கையில் ஓர் ஊதுகுழாய். குழாய் நினைவுப்பொருள் கடையில் வாங்கியது. நடுவில் துளையே இல்லை. இதை வைத்து எதை வேட்டையாடுவது என்று பிடின் கேட்டான். படத்தைத்தான் என்றாள் கடைப்பெண். காலையிலிருந்து ஜனம் வந்து வந்து நின்றது. எல்லோரும் அவன் தலைக்கு மேலே பார்த்து ஆச்சரியப்பட்டார்கள். தலைப்பட்டை அவ்வளவு நன்றாக இருக்கிறதாக்கும் என்று அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

தண்ணீர் குடிக்க எழுந்தபோதுதான் திரும்பிப் பார்த்தான். அவன் முதுகுக்குப் பின்னால் சுவரளவு பெரிய திரை. திரையில் அவனுடைய முகடு. பிளந்த பாறையைச் சுற்றி ஒரு கொடி இல்லாமல் மழித்திருந்தது. சரிவில் புத்தம்புதுப் பலகைப் படிக்கட்டு, இரண்டு பக்கமும் கைப்பிடி. படியில் கம்பெனிச் சட்டை போட்டுக்கொண்டு ஜெப்ரி சிரித்தபடி இறங்கி வந்தான். “ஜீப்பை விட்டு இறங்கினால் பத்தே நிமிடம். எங்கள் பங்குதாரர் ஜெப்ரி கண்டுபிடித்த மலர்முகடு” என்று ஒரு குரல் சொன்னது. படம் முடிந்து மறுபடி முதலிலிருந்து ஓடியது.

காலையிலிருந்து அதற்குத்தான் பிடின் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

கடைக்குப் பின்புறம் ஜெப்ரி பொரித்த கோழி தின்றுகொண்டிருந்தான்.

“அந்தப் படிக்கட்டு எப்பப் போட்டது மாப்ளே?”

ஜெப்ரி மென்றதை விழுங்கினான். “இப்பத்தான்... இந்த வாரம்.”

“நான் இங்க இருக்கறப்பவா?”

“நீ அங்க இருந்தா விட்டிருப்பியா?”

ஐஸ்கிரீம், கோபுரம், நகரும் படி எல்லாம் எதற்கென்று அப்போதுதான் விளங்கியது. “என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே.”

“கேட்டேனே மச்சான்! ஆசைன்னேன், நீ காட்டினே. கேக்காம எடுத்தாத்தானே திருட்டு?”

“பாக்கணும்னுதானே கேட்டே.”

“பாத்தேன். நல்லாப் பாத்தேன்.” கையைத் துடைத்துக்கொண்டான். “இங்க பாரு, காலம் பூரா உன் கூட்டத்துக்கு ஜீப் ஓட்டிகிட்டே கெடக்கணுமா நான்? உன்னை நான் விட்டுருவேனா? படிக்கட்டுக்குக் கீழ உனக்கு ஒரு நாற்காலி போடச் சொல்லியிருக்கேன். இதே வேஷத்துல உக்காந்தாப் போதும்.”

“புனான்னு தெரிஞ்சேதான் அன்னிக்கு அந்தச் சொல்லச் சொன்னியா?”

“அட, இன்னுமா அந்தக் கதைய நம்பறே? பாம்பு வருமாம், மரம் விழுமாம்! இந்த ஊர்ல தெனம் எத்தனை பேரு எத்தனை பேருகிட்ட மாட்டேங்கறான், எல்லாரும் செத்தா போறான்?”

உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்கிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இவன் செய்தது அதற்கும் மேலே. முகட்டை எடுத்துக்கொண்டதைக்கூடப் பிடினால் தாங்கியிருக்க முடியும். இவனுக்கு ஒன்றும் ஆகிவிடக்கூடாதே என்று தான் பயந்த பயத்தையே கயிறாகத் திரித்து இவன் தன் கழுத்தில் போட்டான் என்பதுதான் அவனுக்குப் பொறுக்கவில்லை. தோளில் சுமந்தபோது காதைப் பிடித்துக்கொண்டு வந்த சின்னக் கையெல்லாம் பொய்யோ என்று தோன்றியது. முகத்துச் சுண்ணாம்பைக் கழுவி, சிவப்புச் சட்டையைத் தேடி மாட்டிக்கொண்டு, யார் யாரையோ விசாரித்துத் தானா ராத்தா பஸ்ஸைப் பிடித்தான்.

முகட்டில் மொட்டு ஒன்றுகூட மிஞ்சவில்லை. வேலையாட்கள் படத்துக்கு இடைஞ்சலென்று கொடிகளை அடியோடு அரிந்துவிட்டிருந்தார்கள். மொட்டுகள் கறுத்துக் கொழகொழத்துக் கிடந்தன. ஒன்றைத் தொட்டான், விரல் உள்ளே போயிற்று. வீட்டுக்கு வந்து சொன்னபோது தீஜா அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து அழுதாள். “என் கையாலதானே ஊட்டுனேன், என் கையாலதானே ஊட்டுனேன்” என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். பிடின் அவளைத் தேற்றவில்லை. அன்று அவனுக்குக் கோபம் வந்தது. அந்த ஜனத்துக்குக் கோபம் என்பது காய்ச்சல் மாதிரி, வந்தவனே பயந்துகொள்வான். ஊர்த் தலைவர் கூட்டம் போட்டு ஜெப்ரிக்கு ஆள் விட்டார். டவுனில் வேலை இருக்கிறது என்று பதில் வந்தது.

பிடின் மறுபடி பெத்தாய் பறிக்கப் போனான். பறிக்கப் போன இடத்தில், நெடுந்தூரத்தில், ஆளே போகாத ஒரு பள்ளத்தில் வேறு மொட்டுகளைக் கண்டான். வீட்டுக்கு வந்து தீஜாவிடம் மட்டும் சொன்னான். இந்தத் தடவை யாரையும் கூட்டிப் போகப்போவதில்லை என்றும் சொன்னான்.

கொஞ்ச நாளில் ஜெப்ரி வந்தான். பாதையில் ஒரு வேன் நிறையச் சுற்றுலாக்காரர்கள் காத்திருந்தார்கள். படிக்கட்டு இருந்தது, கைப்பிடி இருந்தது, பூவைத்தான் காணோம். கம்பெனி முதலாளியே வேனில் உட்கார்ந்திருந்தார். ஜெப்ரி வியர்த்துக்கொண்டு, தரையிலிருந்து உயர்த்திக் கட்டிய அந்த வீட்டின் ஏணிப்படி ஏறி வாசலில் நின்றான்.

“மச்சான், தப்புத்தான். அப்புறமா அடி, ஒத, வாங்கிக்கறேன். இப்ப என் மானம் போகுது. உனக்கு வேற எடம் தெரியாம இருக்காது.”

பிடின் பெத்தாய்க் காய்களைக் கட்டிக்கொண்டே இருந்தான். நிமிரவில்லை.

“மச்சான், ஆசையாக் கேக்கறேன்.”

தீஜா முகத்தைப் பொத்திக்கொண்டாள். பிடினின் கை நின்றது.

“எடம் இருக்கு” என்றான். “குடுக்க மாட்டேன்.”

அந்த ஊரில் அப்படி ஒரு வாக்கியம் அதற்கு முன் யார் வாயிலிருந்தும் வந்ததில்லை. வெளியே பேசிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரர்கள் வாயை மூடினார்கள். பாம்பும் மரமும் கட்டுக்கதை என்று சொல்லிப் பொரித்த கோழி தின்றவன் முகம் வெளிறிப்போயிற்று. நிலையைப் பிடித்துக்கொண்டான்.

“அப்படிச் சொல்லாத மச்சான். இல்லன்னு சொல்லு.”

“இருக்கே.”

“பொய்யாவது சொல்லேன்! எடமே இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லு, நான் போயிடறேன்.”

“உன்கிட்ட நான் பொய் சொன்னதே இல்லையே மாப்ளே” என்றான் பிடின்.

ஜெப்ரி அக்காளைப் பார்த்தான். அக்காள் கையை முகத்திலிருந்து எடுக்கவில்லை. ஏணியில் ஒவ்வொரு படியையும் காலால் சோதித்துப் பார்த்து இறங்கினான். வேன் வரைக்கும் பாதையின் நடுவிலேயே, கிளைகளை அண்ணாந்து பார்த்துக்கொண்டே போனான். வேன் புறப்பட்டு மலைவளைவில் மறைந்தது.

பிடின் பெத்தாய்க் கட்டை எடுத்து, மறுபடி இருந்த இடத்திலேயே வைத்தான். அவனுடைய ஆயுளில் ஒருவனைப் புனானோடு அனுப்பியது அதுதான் முதல் தடவை. அனுப்பியது தோளில் தூக்கி வளர்த்த பிள்ளையை.

“என் தம்பிக்கு ஏதாவது ஆயிட்டா?” என்றாள் தீஜா.

“ஆகக் கூடாதுன்னு நானுந்தான் வேண்டிகிட்டு இருக்கேன்” என்றான் பிடின். “அவன் கேட்டான், நான் குடுத்தேனே, அன்னிக்கு எனக்கு என்ன ஆச்சுன்னு நீ ஒருநாளாவது கேட்டியா?”

பிடின் எழுந்து வாசலுக்குப் போய், வேன் போன திசையில் சத்தம் ஏதும் கேட்கிறதா என்று காதைக் கொடுத்துக்கொண்டு நின்றான்.